ஃபால்ஸ் சீலிங்கில் திருகிய புரொஜெக்டரும் எங்களுக்கு விற்கப்பட்ட ரப்பர் துண்டுகளும்

வீட்டில் ஹோம் தியேட்டர் அமைக்கப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் ஏணியில் ஏறி, புரொஜெக்டரைத் தாங்கும் குழாய் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அது மேலே உள்ள கான்கிரீட் கூரைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பலகையான ஜிப்சம் போர்டைப் பிடிக்கும் மெல்லிய தகரச் சட்டத்தில் திருகியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். மாடி அறையை ஹோம் தியேட்டராக மாற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்றுடன் பேசி முடித்தோம். புரொஜெக்டர், 120 அங்குலத் திரை, ஸ்பீக்கர்கள், கனத்த ஒலிக்கான 12 அங்குல சப்வூஃபர், படத்தையும் ஒலியையும் பிரித்து அனுப்பும் ஏவி ரிசீவர், ஃபால்ஸ் சீலிங், வயரிங் என எல்லாம் ஒரே ஒப்பந்தம். மொத்தம் நான்கரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். “பில் வேண்டாம் என்றால் வரியைக் குறைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். நாங்கள் பில் கேட்டு வாங்கினோம். பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.

முதல் வாரத்திலேயே கோளாறு தெரிந்தது. வசனக் காட்சிகளில் படம் தெளிவாக இருக்கும். இடி, வெடி, முரசு என்று கனத்த ஒலி வந்ததும் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் எழுத்துகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். சண்டைக் காட்சி முழுவதும் படம் கலங்கியே இருக்கும். என் தாயார் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டார்.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, எச்டிஎம்ஐ கேபிள் சரியில்லை, விலை கூடியது போட வேண்டும் என்றார். இது அப்பட்டமான பொய். கேபிள் பழுதானால் படம் விட்டுவிட்டு வரும், வெள்ளைப் புள்ளிகள் மின்னும், சில நேரம் திரையே இருண்டுவிடும். படம் மொத்தமாக ஆடாது. கேபிளைக் கழற்றிவிட்டு புரொஜெக்டரின் சொந்த மெனுவைத் திரையில் வைத்தேன். ரிசீவரில் பாட்டை மட்டும் ஓடவிட்டேன். மெனு எழுத்துகளும் ஆடின. திரையில் விழும் ஒளிச் சதுரத்தின் விளிம்பே ஆடியது. சப்வூஃபரை அணைத்ததும் நின்றது. மின்விசிறியை நிறுத்தியும் பார்த்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இவற்றைச் சொன்னதும் பேச்சு மாறியது. “அண்ணா, அப்படியென்றால் இது அதிர்வுதான். இறக்குமதி செய்த அதிர்வுத் தடுப்பு கிட் இருக்கிறது, போட்டால் அசையவே அசையாது” என்றார். விலை 8,500 ரூபாய். வந்தது நான்கு ரப்பர் வளையங்களும் நான்கு நீளமான திருகுகளும். புரொஜெக்டருக்கும் தாங்கு தகட்டுக்கும் நடுவில் அந்த வளையங்களை வைத்துத் திருகினார்கள். ஆட்டம் குறையவில்லை. சில காட்சிகளில் கூடியது.

இந்த ரப்பர் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். ரப்பரோ ஸ்பிரிங்கோ அதிர்வைத் தடுக்க வேண்டுமென்றால், தன் மேல் உள்ள எடைக்கு அது நன்றாக அமுங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், சுமார் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 முறை). பத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் சுமார் 50 ஹெர்ட்ஸ். அந்த எண்ணைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது குறைக்கும். அதற்குக் கீழே ஒன்றும் செய்யாது. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய ஒலி வந்தால் ஆட்டத்தைப் பெருக்கியே விடும். எங்கள் புரொஜெக்டரின் எடை நான்கு கிலோ. நான்கு வளையங்களுக்குத் தலைக்கு ஒரு கிலோ. அந்தக் கெட்டி ரப்பர் அதற்குக் கண்ணுக்குத் தெரியும்படி அமுங்கவே இல்லை. சப்வூஃபர் வேலை செய்வது பெரும்பாலும் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. அதாவது எந்த ஒலியைத் தடுக்க விற்றார்களோ, அந்த ஒலியிலேயே அது சேர்ந்து ஆடும் பொருள். போதாக்குறைக்குத் திருகை முழுவதும் முறுக்கிவிட்டார்கள். அப்படி முறுக்கினால் ரப்பரைத் தாண்டித் திருகு வழியாகவே அதிர்வு போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதிர்வு சட்டம் வழியாக மட்டும் வருவதில்லை. அறைக் காற்றின் அழுத்தமே புரொஜெக்டரையும் கூரைப் பலகையையும் தள்ளுகிறது. அதை எந்த ரப்பரும் தடுக்காது. தாங்கும் அமைப்பு விறைப்பாக இருப்பதுதான் மருந்து.

இதற்குப் பிறகு அவர்கள் கட்டடத்தின் மேல் பழி போட்டார்கள். கூரைத் தளம் மெல்லியது, அதுதான் அதிர்கிறது என்றார்கள். என் மனைவியின் அண்ணன் கட்டடப் பொறியாளர். அவர் வந்து, புரொஜெக்டருக்குப் பக்கத்தில் சீலிங்கில் பதித்திருந்த டவுன்லைட் விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக செல்பேசியை நுழைத்துப் படம் எடுத்தார். குழாய் கான்கிரீட் வரை போகவே இல்லை. ஜிப்சம் போர்டைத் தாங்கும், அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகரச் சட்டத்தில் நான்கு திருகுகளால் நின்றுகொண்டிருந்தது. ஒரு திருகு ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. “மாப்பிள்ளை, இதை இறக்கும் வரை குழந்தைகளை இந்த அறைக்குள் விடாதீர்கள்” என்றார். அன்று மாலையே கழற்றி இறக்கினோம். படம் ஆடுவது சங்கடம், அவ்வளவுதான். நான்கு கிலோ இரும்பும் கண்ணாடியும் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு மேல் தகரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜிப்சம் போர்டு தளத்திலிருந்து மெல்லிய பட்டைகளில் தொங்கும் அகன்ற பலகை. சப்வூஃபர் ஒலிக்கு அது முரசுத் தோல் போல அதிரும். உள்ளங்கையை வைத்தாலே தெரியும். அதில் மாட்டிய எதுவும் கூடவே ஆடும். கணக்கும் சொல்கிறேன். 120 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 266 சென்டிமீட்டர். முழு எச்டி படத்தில் ஒரு பிக்சல் சுமார் 1.4 மில்லிமீட்டர். புரொஜெக்டர் இருந்த இடத்திலேயே ஒரு மில்லிமீட்டர் மேலும் கீழும் போனால் படமும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் புரொஜெக்டரின் முகத்தைப் பத்தில் ஒரு டிகிரி சாய்த்தால், நான்கு மீட்டர் தள்ளியுள்ள திரையில் படம் ஏழு மில்லிமீட்டர் நகரும். ஐந்து பிக்சல்! அதனால் சாய்வைத் தடுப்பதுதான் முக்கியம். நீளக் குழாய் கெடுதல் செய்வதும் இதனால்தான். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் வளையாத உறுதி எட்டு மடங்காகும். எங்களுக்குத் தொங்கவிட்டது இரண்டடிக் குழாய். அவர்களிடம் இருப்பில் இருந்தது அந்த அளவுதான் என்று பிறகு தெரிந்தது.

கோவை கணபதி பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் 50 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயும் ஆறு மில்லிமீட்டர் தகடும் வாங்கி வெல்டிங் செய்தோம். தகட்டின் நான்கு மூலைகளிலும், கான்கிரீட்டுக்குள் இறங்கிப் பிடிக்கும் எம்8 (8 மில்லிமீட்டர்) ஆங்கர் போல்ட். துளையிடும் முன் கான்கிரீட்டுக்குள் மின்குழாய் எங்கே ஓடுகிறது என்று பழைய புகைப்படங்களை வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைவாகக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் தளத்துக்குச் சாய்வுத் தாங்கிகள். போர்டில் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டோம், பலகை ஆடினாலும் குழாயைத் தொடக் கூடாது. போர்டுக்குக் கீழே குழாய் ஒரு சாண்தான். புரொஜெக்டரிலிருந்து தளத்துக்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பி, பாதுகாப்புக்கு. ரப்பர் வளையங்கள் இல்லை. மொத்தச் செலவு, கூலியோடு, அந்த கிட்டின் விலையைவிடக் குறைவு.

பிறகு திரையில் கட்டக் கோடுகளை வைத்து, 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஒரே சுருதி ஒலியை மெல்ல ஏற்றிப் பார்த்தோம். முன்பு 35 ஹெர்ட்ஸ் அருகே கோடுகள் கலைந்து போகும். இப்போது மிக அருகில் போய்ப் பார்த்தால் மட்டும் ஒரு சிறு நடுக்கம். சப்வூஃபரை அறை மூலையிலிருந்து நகர்த்தியதும் அதுவும் போய்விட்டது. உங்கள் வீட்டில் படம் ஆடினால் எதையும் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறது என்று தெரிந்தால், வேலை முடியும் வரை, ரிசீவரில் வசதி இருந்தால், அந்த ஒலியை மட்டும் குறைத்தும் வைக்கலாம்.

நிறுவனத்துக்குப் படங்களுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகு கிட்டின் விலையைத் திருப்பித் தந்தார்கள். பொருத்தும் கூலியையும், உடைத்த சீலிங்கைச் சரிசெய்த செலவையும் தர மறுக்கிறார்கள். “ஒப்பந்தத்தில் தளத்தில் பொருத்துவதாக எழுதவில்லையே” என்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் சொன்ன அந்த ஓட்டையை நீங்கள் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் “புரொஜெக்டர் நிறுவுதல் – 1” என்று ஒரே வரிதான் இருந்தது. உங்களுடையதில் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட், குழாயின் நீளம், தனிப் பாதுகாப்புக் கம்பி, சீலிங் மூடும் முன் புகைப்படம் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். முழு ஒலியில் படம் அசையாமல் நின்ற பிறகே கடைசித் தவணை என்பதையும் சேருங்கள். ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, புரொஜெக்டருக்கு அருகில் உள்ள ஒரு டவுன்லைட்டைக் கழற்றி உள்ளே படம் எடுத்துப் பாருங்கள். குழாய் தகரத்தில் முடிந்திருந்தால் அன்றே புரொஜெக்டரை இறக்கிவிடுங்கள்.