ஜெர்பில் குளியல் மணல் என்று பொடியை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஜெர்பில் என்பது எலி போல இருக்கும் சிறு செல்லப்பிராணி, மணலில் புரண்டுதான் முடியைச் சுத்தம் செய்துகொள்ளும். இங்கிலாந்தில் அதை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்டார்கள் என்று இப்போதுதான் ஒரு ஜோடி வாங்கியிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். எங்கள் ஊர் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் மணல் என்று சொல்லி எங்களிடம் நைசான பொடியை விற்றார்கள். அதை மூச்சோடு உள்ளே இழுத்து எங்கள் இரண்டு ஜெர்பில்களும் நோயில் விழுந்தன. அதே லேபிளோடு அந்தப் பை இன்னும் அங்கே விற்பனையில் இருக்கிறது.

குளிர்காலத்தில் இங்கே எல்லோருமே துணியை வீட்டுக்குள் ரேடியேட்டர் பக்கத்தில்தான் காயப்போடுகிறோம். ஜன்னலும் திறப்பதில்லை. அந்த ஈரப்பதம் ஜெர்பிலுக்கு ஆகாது. மங்கோலியாவிலும் வட சீனாவிலும் வறண்ட புல்வெளியில் வளை தோண்டி வாழும் பிராணி அது. பிரிட்டனுக்கு வந்ததே 1964இல்தான். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அதன் முடி படியாமல் கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்கும், தொட்டால் பிசுபிசுக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது.

ஜெர்பிலின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையுள்ள திரவம் மூக்கு வழியாக இறங்கும். ஜெர்பில் முகத்தைத் துடைத்து உடம்பை நக்கும்போது அந்தத் திரவத்தை எச்சிலோடு கலந்து முடி முழுக்கப் பூசிக்கொள்கிறது. குளிரையும் ஈரத்தையும் தாங்க அந்தப் பூச்சு வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் சேர்ந்தால் முடி கறுத்துச் சடை பிடிக்கும். மிச்ச எண்ணெயை எடுத்துவிடத்தான் அது மணலில் புரளுகிறது. அதனால் மணல் குளியல் அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணலுக்குப் பதில் தண்ணீரில் குளிப்பாட்டிவிடாதீர்கள். எண்ணெய் மொத்தமாகப் போய் உடம்பு சில்லிட்டுவிடும்.

கடையில் இருந்தது பெரிய மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய பை. மேலே கடையின் சொந்த லேபிள், 'ஜெர்பில், ஹாம்ஸ்டர் குளியல் மணல்' என்று. தயாரித்தவர் யார், உள்ளே இருப்பது என்ன கனிமம் என்று ஒரு வரி கூட இல்லை. சின்சில்லா என்ற இன்னொரு செல்லப்பிராணிக்கு நைசான பொடி விற்பார்கள். அதனால் "இது சின்சில்லா பொடி இல்லையே?" என்று நேராகவே கேட்டேன். "இல்லை, மணல்தான். எப்போதும் கூண்டுக்குள்ளேயே வைத்துவிடலாம்" என்றார் விற்றவர். வீட்டில் கிண்ணத்தில் கொட்டியபோது வெள்ளையாகத் தூசி எழும்பியது. உடனே கடைக்கு போன் செய்தேன். புதுப் பை அப்படித்தான் இருக்கும், போகப்போக அடங்கிவிடும் என்றார்கள். அடங்கவில்லை.

சின்சில்லாவின் முடி மிக அடர்த்தி. அதற்குள் இறங்க நைசான பொடி வேண்டும் என்பதால் அதற்கென்றே பொடி விற்கிறார்கள். அதைக் கூட பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடச் சொல்வார்கள். ஜெர்பில் அப்படி இல்லை. மணல் கிண்ணத்தை நாள் முழுக்க உள்ளே வைத்திருப்போம், அது அதில் புரளும், தோண்டும், பின்னங்காலால் வாரி இறைக்கும். வீடோ காற்றோட்டம் குறைந்த கண்ணாடித் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் பொடியை வைத்தால் ராத்திரி பகலாக அதையேதான் சுவாசிக்கும். இதைத் தெரிந்தவர்கள்தான் பிராணிகளுக்கான பொருளை விற்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

முதலில் தும்மல். பிறகு மூக்கைச் சுற்றிச் சிவப்பாகப் பொருக்கு. ரத்தம் என்று பயந்தோம். அது ரத்தம் இல்லை, அந்தச் சுரப்பியின் திரவத்தில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி, எரிச்சலோ நோயோ வந்தால் அதிகமாக வடியும் என்று வெட், அதாவது கால்நடை மருத்துவர், விளக்கினார். இரண்டில் சின்னது மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டது. காதருகே கொண்டுவந்தால் நன்றாகவே கேட்டது. இந்தச் சத்தம் கேட்டால் காத்திருக்காதீர்கள், சிறு பிராணிகளைப் பார்க்கும் வெட்டிடம் அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து ஜெர்பிலைக் கொன்றுவிடக்கூடும்.

பொடியை உடனே எடுக்கச் சொல்லி, வெட் ஆன்டிபயாடிக் கொடுத்தார். பெரியது தேறிவிட்டது. சின்னதுக்கு அந்தச் சத்தம் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

பையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "திறந்த பையை எடுக்க மாட்டோம்" என்று கவுன்டரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார்கள். அந்த அறிவிப்பு செல்லாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடையில் விற்கும் பொருள் லேபிளில் சொன்னபடி இருக்க வேண்டும், எதற்காக விற்கிறார்களோ அதற்குப் பயன்பட வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். திறந்து பார்க்காமல் உள்ளே இருப்பது மணலா பொடியா என்று எப்படித் தெரியும்? சட்டத்தின் பெயரைச் சொன்ன பிறகு மேனேஜர் வந்து பைக்கான பணத்தைக் கொடுத்தார். வெட் செலவைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். லேபிளை மாற்றுங்கள் என்றதற்கும் பதில் இல்லை. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ஹெல்ப்லைனில் புகார் செய்திருக்கிறேன். அவர்கள் அதை, கடைகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள்.

உங்கள் வீட்டில் இருக்கும் பையை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். மணல் என்றால் சட்டென்று அடியில் படியும், தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருக்கும். பொடி என்றால் தண்ணீர் கலங்கி வெகுநேரம் அப்படியே நிற்கும். இன்னொரு ஸ்பூனில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் அது கால்சியம் மணல். ஈரம் பட்டால் கட்டியாகும், அதுவும் வேண்டாம். வாசனை சேர்த்தது, சாயம் ஏற்றியது இரண்டையும் தொடவே தொடாதீர்கள்.

இப்போது நாங்கள் போடுவது குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல். சலித்து, ஓவனில் சூடாக்கி, நன்றாக ஆறவைத்துக் கனமான பீங்கான் கிண்ணத்தில் வைக்கிறோம். பிளாஸ்டிக் கிண்ணமாக இருந்தால் கடித்துவிடும். அதில் சிறுநீரும் கழிக்கும் என்பதால் தினமும் சலித்து, அழுக்கானதும் மாற்றுகிறோம். முடி இரண்டுக்கும் பழையபடி படிந்துவிட்டது.

கடையின் சொந்த லேபிள் மட்டும் ஒட்டிய பை உங்களிடமும் இருந்தால் லேபிளையும் ரசீதையும் போட்டோ எடுத்து வையுங்கள். பொடி என்று தெரிந்தால் 30 நாள் முடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.