கூடங்குளமா, கமுதியா? காரைக்குடியிலிருந்து ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் கரண்ட் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பெயர் அடிபடும்: கூடங்குளம் அணுஉலை, கமுதி சோலார். மெகாவாட்டை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். அது நிறுவுதிறன், அதாவது அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு; அதில் எவ்வளவு நிஜமாகக் கைக்கு வருகிறது என்பதுதான் கணக்கு. 1000 மெகாவாட் உலை ஒன்று முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 கோடி யூனிட். கமுதியின் 648 மெகாவாட்டில், 20 சதவீதம் கைக்கு வருவதாக வைத்தால், சுமார் 31 லட்சம். இரவுபகலாக நிற்காத சப்ளைக்கு என் ஓட்டு உலைக்குத்தான். சோலாருக்கு ராத்திரியில் பேட்டரி வேண்டும். அந்த ஆராய்ச்சி நம்ம ஊர் செக்ரியிலேயே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நடக்கிறது.

பாதுகாப்பு வேறு கதை. உலையை நிறுத்தினாலும் எரிபொருளில் சிதைவு வெப்பம் (கதிரியக்க அணுக்கள் சிதைவதால் வரும் வெப்பம்) தொடரும்: நிறுத்தியதும் முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு. குளிர்விப்பு நின்றால் எரிபொருள் உருகும். 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கிக்கொள்ளும் தொட்டியும் உண்டு.

சோலாரில் கதிர்வீச்சு பயமில்லை. ஆனால் மெயினை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் டிசி வோல்டேஜ் இருக்கும். பழைய செட்டிநாட்டு வீடுகளில் உத்தரமெல்லாம் தேக்கு; வயரில் தீப்பொறி வந்தால் பற்றிக்கொள்ளும். வீட்டில் பேனல் போட்டுக்கொள்கிறவர்கள் டிசி ஐசொலேட்டரையும் (பேனல் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்திங்கையும் கண்ணால் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.