நிறுத்தத் தெரியாத பெடல்: லூப்பரோடு சில ஆண்டுகள்

வாசித்த ஒரு சுற்றைப் பதிந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெடலின் கால் சுவிட்சை மாற்றி வாங்கி வந்தாயிற்று. பழைய சுவிட்ச் தேய்ந்துபோய், ஒருமுறை மிதித்தால் இரண்டு முறை மிதித்ததாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒற்றைச் சுவிட்ச் வைத்த பெடலில் இரண்டு முறை மிதித்தால் ‘நிறுத்து’ என்று கணக்கு. பதிந்ததை ஓடவிடலாம் என்று மிதித்தால் நின்றுவிடும். நிறுத்தலாம் என்று மிதித்தால் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. பழுது பார்த்தவர் கழற்றிய சுவிட்சைக் கையில் கொடுத்து, “மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது சார், இது ஒன்றுதான் சரியில்லை” என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கருவியை விமர்சித்துவிட முடியாது. ஆனால் சுவிட்ச் புதிதாக இருந்தபோதே அது ஒன்றுதான் சரியில்லை என்பது என் கட்சி.

கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர், சோலோவில் (பின்னணிக்கு மேல் தனியாக வாசிப்பதில்) முன்னேற வேண்டும், லூப்பர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார், இது அவருக்கான பதில். எத்தனை வோல்ட், எத்தனை அடுக்கு என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். ஐந்து நிமிடம் வரை பதியலாம் என்று பெருமையாகப் போட்டிருப்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை: நிமிடத்துக்கு 80 பீட் (தட்டு) வேகத்தில், பாருக்கு நான்கு பீட்டாகப் போகும் 12 பார் ப்ளூஸ் ஒரு முழுச் சுற்று 36 விநாடியில் முடிந்துவிடும். பயிற்சிக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

லூப்பர் முதலில் பிடித்து உலுக்குவது தாளத்தைத்தான். நான்கு பாருக்கு இரண்டு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பதிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றை மூடும் மிதி, அடுத்த சுற்றின் முதல் பீட் எங்கே வர வேண்டுமோ சரியாக அங்கே விழ வேண்டும். கால் ஒரு நூலளவு முந்தினாலும் சுற்று திரும்பும் இடத்தில் நொண்டும். 80 பீட் வேகத்தில் நான்கு பார் என்பது 12 விநாடி. நிமிடத்துக்கு ஐந்து முறை அந்த நொண்டலைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். சீராகத் தாளம் அடித்துக் காட்டும் மெட்ரோனோமுக்கு இந்தக் கறார் கிடையாது. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், நாம் கொஞ்சம் விலகிப்போய் மறுபடி வந்து சேர்ந்துகொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. லூப்பரோ நம் பிழையையே தாளமாக்கி நம்மிடமே திருப்பித் தரும். நல்ல ரிதம் வாசிப்பு (கார்டுகளைத் தாளத்தோடு வாசிப்பது) இல்லாமல் சோலோ பழகக் கிளம்பியவர்கள் இதை வாங்கிய முதல் வாரத்திலேயே ரிதம் வாசிப்புக்குத் திரும்பியிருப்பார்கள். அது ஒன்றே போதும் என்று சிலர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன்.

அடுத்தது, நான் எதிர்பார்க்காத சந்தோஷம். சோலோவையும் ஒரு சுற்று மேலே பதிந்துவிட்டு, கிட்டாரை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு சும்மா கேட்பது. வாசிக்கும்போது கை தனக்குப் பழகிய இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், காது பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். சும்மா கேட்கும்போதுதான் தெரிகிறது: எல்லா வாக்கியமும் முதல் பீட்டிலேயே தொடங்குகிறது, எல்லாம் ஒரே நீளம், நடுவில் மூச்சுவிட இடமே இல்லை. இதை ஆசிரியர்கள் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள். 36 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து அதுவே சொல்லும்போது வாதாட வழியில்லை. இன்னொன்றும் உண்டு. ஏ மைனர், டி மைனர் ஓட்டத்தின் மேல் பதிந்த ஒரு சோலோவில், டி மைனர் வரும் இடத்தில் ஒரு பி ஸ்வரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. அடுத்த சுற்றில் அது வந்ததும் நான் ஏ-யில் இறங்கிப் பதில் சொன்னேன். அதற்கடுத்த சுற்றில் ஒரு பீட் தாமதித்து இறங்கினேன். கேள்வியும் பதிலுமாக அது ஒரு பேச்சாகிவிட்டது. அன்றைக்கு இந்தப் பெடலை யாராவது குறை சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எனக்கு நிஜமாகவே பலன் தந்த பயிற்சி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒன்று. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று மூன்று கார்டை நிதானமாகப் பதிய வேண்டும். சோலோவுக்கு டி தந்தியும் ஜி தந்தியும் மட்டும். டி மைனர் 7 ஓடும்போது டி தந்தியில் மூன்றாம் ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டு), ஜி தந்தியில் ஐந்தாம் ஃபிரெட், அதாவது எஃப், சி. ஜி 7 வந்ததும் எஃப் அசையாது, சி மட்டும் ஒரு ஃபிரெட் இறங்கி பி ஆகும். சி மேஜர் 7 வந்ததும் பி அசையாது, எஃப் ஒரு ஃபிரெட் இறங்கி இ ஆகும். அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டின் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும்தான் இவை. இந்த இரண்டு சிறு நகர்வுகளை மட்டும் வாசித்தாலே, பின்னணி இல்லாமலும் கார்ட் மாறுவது காதில் விழும். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டிக் காட்டுகிறவர்களின் சோலோவில் பெரும்பாலும் இது விழுவதில்லை. ஐந்து ஸ்வர ஸ்கேலான ஏ மைனர் பென்டடானிக்கில் இருப்பது ஏ, சி, டி, இ, ஜி. டி மைனர் கார்டை மைனர் ஆக்குவதே எஃப்தான். அது இந்த ஐந்தில் இல்லை. இந்த ஐந்து ஸ்வரமும் கைக்கு அடங்கும் ஐந்தாம் ஃபிரெட் ‘பெட்டி’க்குள்ளேயே குடியிருப்பவருக்குப் பின்னால் கார்ட் மாறினாலும் முன்னால் ஒன்றும் மாறாததுபோல் ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கட்டுப்பாடு வைத்துப் பழகுவது என்ற பேச்சு வந்தாலே யாராவது ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை இழுத்துவிடுகிறார்கள். 1928இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போய், மீதி இரண்டை வைத்துக்கொண்டு அவர் சோலோ வாசித்தார் என்பது உண்மை. அவருக்கு நேர்ந்தது விபத்து. நாம் சவுகரியமாக உட்கார்ந்துகொண்டு இரண்டு தந்தியில் பழகுவதை அதோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்தப் பெடலை நிறுத்துவது.

ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை நிறுத்த இரண்டு முறை சட்சட்டென்று மிதிக்க வேண்டும். முதல் மிதி விழும்போது, இரண்டாவது வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதல் மிதியை ‘மேலே பதி’ என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு உடனே பதியத் தொடங்கிவிடும். இரண்டாவது மிதிக்குத்தான் நிற்கும். சரியாகச் சுற்றின் முடிவில் நிற்க வேண்டுமானால், நான்காம் பீட்டில் ஒரு மிதி, முதல் பீட்டில் ஒரு மிதி. வேகம் குறைவான பாட்டில் அந்த இடைவெளி நீண்டுவிடும், இரட்டை மிதியாகவே அது ஒப்புக்கொள்ளாது. இரண்டு மிதிக்கும் நடுவே உள்ள கண நேரத்தில் கிட்டாரில் ஒலித்துக்கொண்டிருக்கும் கடைசி ஸ்வரத்தின் வால், மேலே பதியும் அடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஓடவிட்டால் சுற்றின் கடைசியில் ‘டொய்ங்’ என்று ஒரு துணுக்கு. அதை அழிக்கச் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வலது கால் இந்தச் சர்க்கஸில் இருக்கும்போது கைகள் என்ன வாசிக்கும்?

சின்னக் குறைதானே, பழகிவிடும் என்பார்கள். நானும் பழகிவிட்டேன், வருத்தமே அதுதான். நிறுத்துவது தொல்லை என்றானதும் மனிதன் நிறுத்தாமல் இருக்கப் பழகிக்கொள்கிறான். சோலோ பயிற்சி நடப்பதோ முழுக்க முழுக்க நிறுத்தும் இடத்தில்தான். நான்கு பார் வாசி, நிறுத்து, இப்போது வாசித்ததை வாயால் பாடிப் பார், பாட முடியாவிட்டால் அதை விரல்தான் வாசித்தது என்று தெரிந்துகொள், அதே வாக்கியத்தை இன்னோர் இடத்தில் தொடங்கு. கர்நாடக இசையில் கல்பனாஸ்வரம் (மனோதர்மமாக ஸ்வரம் பாடுவது) பழகுகிறவர்கள் எவ்வளவு தூரம் சுற்றிவிட்டும் பாட்டின் எடுப்புக்கு, அதாவது வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர்வதையே ஆண்டுக்கணக்கில் பழகுகிறார்கள். போகிற வழியைவிட வந்து சேர்வது கடினம் என்பதால்தான். இந்தப் பெடலில் தொடங்குவது மிகச் சுலபம், முடிப்பது பெரும்பாடு. விளைவு, சுற்று ஓடுகிறது, கையும் கூடவே ஓடுகிறது, அரை மணி நேரம் போனதே தெரிவதில்லை, எழுந்திருக்கும்போது ‘நன்றாகப் பயிற்சி செய்தோம்’ என்ற திருப்தி வேறு.

ஸ்ருதி மாற்றிப் பழகுவதற்கும் இதே கதி. ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் கை அசைவுப் பழக்கத்தைப் பற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பழகும்போது வேகமாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலைத்துக் கலைத்துப் பழகியவர்கள் அப்போது திணறினாலும், பிறகு சோதித்தபோது அவர்களுக்குத்தான் அது நினைவில் நின்றிருந்தது. அவர்கள் சோதித்தது மரத்தடுப்புகளைத் தட்டிவிடுவதை, கிட்டாரை அல்ல. ஆனாலும் ஏ மைனரில் ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு மறுநாள் சி மைனரில் தடுமாறுகிற எவருக்கும் இது விளங்கும். மூன்று சுற்றுக்கு ஒருமுறை வேறு ஸ்ருதிக்குப் போவதுதான் சரியான வழி. லூப்பரில் அதற்கு நிறுத்த வேண்டும், அழுத்திப் பிடித்து அழிக்க வேண்டும், மறுபடி பதிய வேண்டும், மறுபடி அந்த முதல் பீட்டைப் பிடிக்க வேண்டும். யார் செய்வார்கள்? ஏ மைனரிலேயே இருந்துவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவும் இரண்டு டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்து, ஒரே நாடாவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடவிட்டார்கள். முதல் இயந்திரம் பதிந்தது சில விநாடிக்குப் பின் இரண்டாவதில் ஒலித்து, மறுபடி முதலுக்கே போய்ப் பதியும். ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் மங்கும். வாசித்தது தானாகவே விடைபெற்றுப் போய்விடும். என் பெடலில் எதுவும் மங்காது, எதுவும் போகாது. மங்கவிடும் குமிழ் வைத்த லூப்பர்களும் இருக்கின்றன, என்னுடையதில் இல்லை.

லூப்பர் நம்மைக் கேட்காது, கூட வாசிக்கும் மனிதர் கேட்பார் என்ற குறையைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. அது எல்லா இயந்திரத்துக்கும் பொது.

கோபத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நிறுத்தும் தொல்லைக்குப் பயந்து, சுற்றின் ஒலி அளவுக் குமிழைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். சத்தம் போய்விட்டது, ஆனால் உள்ளே சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கிட்டார் ஒலி மட்டும் வெளியே வருகிறது. அப்படியே இரண்டு சுற்று தனியாக வாசித்துவிட்டு, இப்போது ஜி 7 வர வேண்டும் என்று தோன்றிய இடத்தில் குமிழைத் திருப்பினால், அங்கே சி மேஜர் 7 ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி செய்தேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு சுற்றுகூட ஒத்துவரவில்லை. வாரக்கணக்கில் செய்ய, மெல்ல மெல்ல கார்ட் மாறும் இடம் மனதுக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது. சோலோவில் நடுவே சும்மா இருக்கும் தைரியம் வந்ததும் அப்போதுதான், ஏனென்றால் வாசிக்காத நேரத்திலும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்திருந்தது. மனதாரச் சொல்கிறேன், என் வாசிப்பை இந்த அளவுக்கு மாற்றியது வேறெதுவும் இல்லை, இந்த ஒரு பயிற்சிதான்.

புதுச் சுவிட்ச் மெதுவாக அழுந்துகிறது, ‘கிளிக்’ சத்தம் குறைந்திருக்கிறது, ஒரு மிதியை ஒரு மிதியாகவே எண்ணுகிறது. நிறுத்துவதற்கு மட்டும் இன்னமும் இரண்டு மிதிதான். பாகத்தை மாற்றலாம், வடிவமைத்தவரின் எண்ணத்தை மாற்ற முடியாது.

ஆகவே ஒற்றைச் சுவிட்ச் லூப்பரை வாங்காதீர்கள். தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். மாதக்கணக்கில் உங்களுக்குப் பலன் தரப்போகிற கருவிதான், அதில் சந்தேகமில்லை. இருந்தும் வேண்டாம் என்கிறேன். நிறுத்துவதற்கென்று தனிச் சுவிட்ச் உள்ளதாக, இடம் கொஞ்சம் அடைத்தாலும் பரவாயில்லை, பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் கடையிலேயே நான்கு பார் பதிந்து, கடைசி ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக் கேளுங்கள். ‘டொய்ங்’ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குமிழைத் திருகிப் பழகும் பயிற்சியை எந்த லூப்பரிலும் செய்யலாம், அதற்கு என்னைப்போல் எரிச்சல்படத் தேவையில்லை.