மண்பானையா, துளை போட்ட வாளியா? ஒரு மாடி வீட்டு ஈரக்குப்பைக் கணக்கு

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. விமானப் பயணத்துக்காக வாங்கியது. இரண்டு முறைக்கு மேல் உதவியதில்லை. அதில் ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குப்பையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். நான், மனைவி, அம்மா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் என நான்கு பேர். ஏழு நாளில் ஈரக்குப்பை மட்டும் 6 கிலோ 800 கிராம். பால் உறை, பிஸ்கட் தாள், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. அதிலும் பாதி பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்ளும் சரக்கு.

அதுவரை குப்பையைக் குறைப்பது என்றால் பிளாஸ்டிக்கைக் குறைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. நாங்களும் பையோடுதான் கடைக்குப் போகிறோம். ஆனால் தராசுக் கொக்கியை இழுத்தது வாழைப்பழத் தோலும் முட்டைக்கோஸ் தண்டும் டீத்தூளும்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு கழிவதாக மதிப்பிட்டிருக்கிறது. தோல், கொட்டை போன்ற உண்ணாத பகுதிகளும் அதில் சேர்த்தி. நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 600 கிராம். நாங்கள் ஒரு கிலோவை நெருங்கியிருந்தோம். அம்மா அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். “அன்றன்று காய் நறுக்கிச் சமைக்கிற வீடு என்று அர்த்தம்” என்றார்.

அந்தத் தராசில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் ஐந்து வழிகளைப் பார்த்தாகிவிட்டது. சிலவற்றை எங்கள் பால்கனியில், சிலவற்றை உறவினர் வீட்டு மொட்டை மாடியில். இணையத்தில் இருக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் விலை, கொள்ளளவு, எத்தனை நாளில் உரம் என்று வரிசை போடுகின்றன. நான் பார்த்தது வேறு. நல்ல நாளில் எல்லா முறையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில், குடும்பமே ஊருக்குப் போன வாரத்தில், பலாப்பழம் வெட்டிய ஞாயிற்றுக்கிழமையில் அது என்ன செய்கிறது?

ஒன்றும் செய்யாமல், குப்பை வண்டியில் கொடுத்துவிட்டால்?

இதைப் போட்டியிலேயே சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. வீட்டிலேயே உரமாக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. சென்னையில் சேத்துப்பட்டில் நாளொன்றுக்கு 100 டன் ஈரக்கழிவைக் கையாளும் அளவில் உயிரி எரிவாயு நிலையம் அமைக்கப்பட்டது. ஒழுங்காகப் பிரித்த ஈரக்குப்பை அப்படி ஓர் இடத்துக்குப் போனால், என் பால்கனி வாளியைவிட அது ஊருக்குப் பயன்தான்.

போகாவிட்டால்தான் சிக்கல். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும் காய்கறி, எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயுவாகிறது. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது நினைவிருக்கலாம். அதை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதே ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புகையும் பெருமையும் ஒரே ஆண்டில், ஒரே இடத்தில்.

வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ இருந்தால் இந்த வழியே போதும் என்பேன். தனித்தனிக் கூடைகளில் பிரிப்பதே அன்றாடம் ஒரு வேலைதான். நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றிக் கொடுத்தாலே தூய்மைப் பணியாளரின் கைக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

பானையும் வாளியும்

அம்மாவுக்குத் தெரிந்த முறை எருக்குழி. கொல்லையில் ஒரு குழி, அதில் சாணமும் சருகும் அடுப்புச் சாம்பலும். மூன்றாம் மாடியில் கொல்லைக்கு எங்கே போவது? முதலில் வாங்கியது சுட்ட மண்ணாலான மூன்றடுக்குப் பானை. மேல் அடுக்கில் குப்பையும் தேங்காய் நார்த்தூளும் மாறி மாறிப் போட வேண்டும். நிரம்பினால் அதை நடு அடுக்கின் இடத்துக்கு இறக்கி, காலியானதை மேலே ஏற்ற வேண்டும். கடைசி அடுக்கில் உரம் முதிரும். பார்க்க அழகு. வந்தவர்கள் எல்லாம் பூந்தொட்டி என்றே நினைத்தார்கள். அம்மாதான் விலையைக் கேட்டுவிட்டு, “சோறு வடிக்கிற பானைக்குக்கூட இவ்வளவு கொடுத்ததில்லை” என்றார்.

வாளி வந்தது தற்செயல். மாடியில் வெள்ளையடித்தவர்கள் விட்டுச் சென்ற 20 லிட்டர் பெயிண்ட் வாளியில், மகன் டிரில்லால் பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டான். கீழே ஒரு தட்டு. பழைய சாமான் கடையில் இப்படிப்பட்ட வாளி நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு மூன்றடுக்குப் பானையின் விலைக்கு இருபது வாளி வாங்கலாம்.

இரண்டையும் ஓராண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். உள்ளே நடப்பது ஒன்றேதான். கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு, கையால் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம், உள்ளே போய்வரக் காற்று. இந்த மூன்றும் இருந்தால் நுண்ணுயிர்கள் தாமாகப் பார்த்துக்கொள்கின்றன. காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம். தேங்காய் நார்த்தூளில் கரிமம் தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல். அதனால் இரண்டு கிண்ணம் குப்பைக்கு ஒரு கிண்ணம் நார்த்தூள். 5 கிலோ நார்க்கட்டி தண்ணீரில் ஊறினால் எழுபது லிட்டர் வரை உப்பும். எங்களுக்கு மூன்று மாதம் வருகிறது. தெருவில் கூட்டிக் குவித்த சருகு கிடைத்தால் அந்தச் செலவும் இல்லை. சருகு நார்த்தூளைவிட விரைவில் மக்கவும் செய்யும்.

வேறுபாடு சுவரில் இருக்கிறது. மண் சுவர் ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் பானை பிரமாதம். வெளியே எல்லாம் நசநசத்தபோதும் உள்ளே பொலபொலவென்று இருந்தது. வாளியின் தட்டில் கறுப்பு நீர் தேங்கியது. ஒரு நாள் அதை மறந்து தட்டிவிட்டு, கீழ்வீட்டுத் துணிக்கொடி வரை போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். பானை காய்ந்து, போட்ட தோல் போட்டபடியே சுருங்கிக் கிடந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை புளித்த மோர் கலந்த தண்ணீர் தெளித்தால்தான் அசைந்தது. வாளிக்குள் ஈரம் அப்படியே இருந்தது. கிளறும்போது கை சுட்டது.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அண்டை வீட்டுச் சண்டைகள் அதில்தான் தொடங்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று அடைபட்டுவிட்டது. கிளறி, காய்ந்ததைச் சேர்க்க வேண்டும். மூத்திர நெடி என்றால் தழைச்சத்து மிஞ்சி அமோனியாவாகப் போகிறது. அதற்கும் மருந்து சருகுதான், ஆனால் ஈரத்தைக் குறைக்கத் தேவையில்லை. இந்த இரண்டு நெடிகளையும் பிரித்தறிய மூக்குக்கு ஒரு மாதம் பிடித்தது.

புழு இரண்டிலும் வந்தது. தடித்த, பழுப்பு நிறப் புழு. கருப்புச் சிப்பாய் ஈயின் குஞ்சுகள் அவை. கடிக்காது, நம் சாப்பாட்டை மொய்க்கும் வீட்டு ஈயும் அல்ல. காய்கறிக் கழிவை அசுர வேகத்தில் தின்றுதீர்க்கும். மனைவிக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பானை மூடிக்கடியில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், அன்றிலிருந்து பானைப் பக்கம் போகவில்லை.

அங்கேதான் பானை தோற்றது. அதுவரை அடுக்கு மாற்றும் வேலை முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது. பாதி நிரம்பிய மண் அடுக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நடு அடுக்கு விளிம்பில் விரிசல் கண்டது. வாளியில் அடுக்கு மாற்றுகிற வேலையே கிடையாது. நிரம்பினால் மூடி, மேலே தேதி எழுதி ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வாளியைத் திறக்கலாம். எங்களுக்கு ஒரு வாளி மூன்று வாரத்தில் நிரம்புகிறது. நான்கு வாளி சுற்றில் இருந்தால், ஒவ்வொன்றும் இரண்டு மாதம் தூங்கி எழுந்த பிறகே முறை வரும். பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனபோது கடைசி வாளியின் மேல் இரண்டு கை நார்த்தூள் போட்டு மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மழைக்குப் பிந்திய மண்வாசனைதான் வந்தது.

தனி வீடு, நிழலான பின்கட்டு, தூக்க ஆள் என்றிருந்தால் பானையே வாங்குங்கள். அடுக்குமாடிக்கு வாளி.

மண்புழு, பொகாஷி

மண்புழு உரத்தின் தரத்துக்கு மற்ற எதுவும் ஈடில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உறவினர் வீட்டு மாடியில் தென்னங்கீற்று நிழலில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மல்லிகையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் மண்புழு ஒரு பத்தியக்காரர். எலுமிச்சைத் தோல், வெங்காயம், மிளகாய், உப்பும் எண்ணெயும் பட்ட சாம்பார்க் காய் எதுவும் ஆகாது. பாதி மக்கியதைத்தான் விரும்பித் தின்னும். தமிழ்ச் சமையலறையிலிருந்து வெங்காயத்தையும் எலுமிச்சையையும் கழித்தால் மிச்சம் என்ன? ஊருக்குப் போகும்போது அது பாடாய்ப் படுத்தும் என்று நினைத்தேன், அப்படியில்லை. ஈரமும் நிழலும் இருந்தால் இரண்டு வாரம் தீனி போடாவிட்டாலும் தாங்கிக்கொள்கிறது. மே மாத மொட்டை மாடி வெயிலைத்தான் தாங்காது.

பொகாஷி இதற்கு நேர் எதிர். ஜப்பானிலிருந்து வந்த முறை. காற்றுப் புகாத வாளியில் நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டைத் தூவித் தூவிக் குப்பையை ஊறப்போடுவது. ஊறுகாய் போடுவது போலத்தான். பழைய சோறு, கூட்டு, சிக்கன் துண்டு எதையும் தள்ளாது. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் இருப்பது உரமல்ல, ஊறிய குப்பை. அதை மண்ணில் புதைத்தால்தான் மக்கும். மண் இல்லாத வீட்டில் பெரிய செடிப்பை நிறைய மண் வைத்து அதில் கலக்க வேண்டும். தவிடு தீரத் தீர வாங்கவும் வேண்டும். முழு வழி என்று இதைச் சொல்ல மாட்டேன். மிச்சச் சோறு அடிக்கடி விழும் வீட்டில் வாளிக்குத் துணையாக வைக்கலாம். மிச்சச் சோறு ஏன் அடிக்கடி விழுகிறது என்பது தனிக் கேள்வி. எங்கள் வீட்டில் இரவு அரிசியை அரை டம்ளர் குறைத்ததும், வாடிய கீரை வாங்குவதை நிறுத்தியதும் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைத்தன. அதற்கு எந்தக் கருவியும் வாங்கவில்லை.

மின்சாரப் பெட்டி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உரம் செய்யும் மின்கருவி என்று விற்பவற்றில் பல மாடல்கள் 20,000 ரூபாய்க்கு மேல். சமையலறை மேடையில் வைக்கும் சிறிய வகைகள் செய்வது சூடாக்கி, உலர்த்தி, பொடியாக்குவது. நீர் போனதால் அளவு சுருங்குகிறது, மக்குதல் நடப்பதில்லை. அந்தப் பொடியை அப்படியே செடிக்குப் போட்டுத் தண்ணீர் விட்டால், நின்ற இடத்திலிருந்து அழுகல் தொடங்கி மேலே பூஞ்சை பூக்கும். ஒரு சுழற்சிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். தமிழகத்து வீடுகளுக்கு ஓர் அளவு வரை மின்சாரம் இலவசம். அதில் ஒரு நல்ல பங்கு வாழைப்பழத் தோலை உலர்த்தவே போய்விடும். வெயில் இதே வேலையை மாடியில் காசில்லாமல் செய்கிறது. பால்கனியே இல்லாத வீட்டுக்கு மட்டும் இதில் ஏதோ நியாயம் உண்டு.

இப்போது எங்கள் வீட்டில் நான்கு வாளிகள் சுற்றில் இருக்கின்றன. காலைக் குப்பையைக் கொட்டுவது அம்மா, சனிக்கிழமை கிளறுவது மகன், நார்த்தூள் ஊறவைப்பதும் தட்டுக் கழுவுவதும் நான். மனைவி தன் பங்கைப் பானைக் காலத்திலேயே செய்து முடித்துவிட்டதாக அறிவித்திருக்கிறார். மறுத்துப் பேச யாருக்கும் வாயில்லை. விரிசல் விட்ட அடுக்கில் சருகு சேர்த்து வைக்கிறோம்.

போன மாதம் மறுபடி தராசை எடுத்தோம். வண்டியில் போகும் ஈரக்குப்பை வாரத்துக்கு 900 கிராம். பிரித்துப் பார்த்தால் தேங்காய் மட்டை, கோழி எலும்பு, ஞாயிற்றுக்கிழமை மீனின் குடலும் செதிலும். மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் மீன் அமிலம் ஆகும். இயற்கை விவசாயிகள் பயிருக்குத் தெளிப்பது. மகன் டப்பாவோடு தயாராக இருக்கிறான். அம்மா வெல்லத்தை எடுத்து மேல் அலமாரியில் வைத்திருக்கிறார்.