டோகமாக், ஸ்டெல்லரேட்டர், லேசர்: இணைவு ஆய்வின் மூன்று வழிகளை எதைக் கொண்டு அளப்பது?

2022 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரையிலான காலத்தில் அணுக்கரு இணைவு ஆய்வகங்களிலிருந்து வந்த ‘சாதனை’ அறிவிப்புகள் பல. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம், லேசர் செலுத்தியதைவிட மிகுதியான ஆற்றலை எரிபொருளிலிருந்து பெற்றது. இங்கிலாந்தின் கல்ஹாமில் இயங்கிய ஜெட் என்னும் டோகமாக் (பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற மிகுவெப்ப வாயுவை, காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் கருவி), ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்னர் ஒரே சோதனையில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளியிட்டது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஸ்டைன் என்னும் ஸ்டெல்லரேட்டர் (முறுக்கிய காந்தச் சுருள்களால் அதையே செய்யும் மற்றொரு வகைக் கருவி) பிளாஸ்மாவை எட்டு நிமிடம் தாங்கியது. டோகமாக்குகளான சீனாவின் ஈஸ்ட் 1,066 விநாடிகளையும், சில வாரங்களிலேயே பிரான்சின் வெஸ்ட் 1,337 விநாடிகளையும் எட்டின. செய்தித்தாள்கள் இவற்றை ஒரே ஓட்டப்பந்தயத்தின் முடிவுகளைப்போல அடுக்கிவைத்தன. ஆனால் முதலாவது அறிவிப்பு ஒரு விகிதத்தையும், இரண்டாவது ஒரு கூட்டுத்தொகையையும், மற்றவை கால அளவையும் பற்றியவை. ஈஸ்டிலும் வெஸ்டிலும் அந்த நீண்ட நிமிடங்களில் பயன்தரத்தக்க இணைவு ஆற்றல் எதுவும் உண்டாகவில்லை. பிளாஸ்மாவைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான் அங்கே சோதிக்கப்பட்டது. ஆகவே ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொரு வழியும் ஒரு மின்நிலையமாக மாற இன்னும் எதைக் கடக்க வேண்டும் என்ற கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்று வழிகளும் நாடுவது ஒரே வினையைத்தான். ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் டிரிடியமும் இணைந்து ஹீலியம் அணுக்கருவையும் ஒரு நியூட்ரானையும் தருகின்றன. வெளிப்படும் 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 பங்கை நியூட்ரான் சுமந்து செல்கிறது, எஞ்சிய 3.5 ஹீலியத்துடன் தங்கிப் பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க உதவுகிறது. இந்த வினை தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ள வேண்டுமானால் அடர்த்தி, வெப்பநிலை, ஆற்றல் தங்கும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும். லேசர் வழி அடர்த்தியை மிக உயர்த்தி, நேரத்தை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கிவிடுகிறது. காந்த வழிகளோ காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெல்லிய பிளாஸ்மாவை நீண்ட நேரம் பிடித்துவைக்க முயல்கின்றன.

லேசர் வழியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதுவே. லிவர்மோரின் தேசிய எரியூட்டல் நிலையத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு உலோக உருளைக்குள் பாய்ந்து எக்ஸ் கதிர்களை எழுப்ப, அக்கதிர்கள் உருளையின் நடுவிலுள்ள ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வைரக் குமிழின் மேற்பரப்பை ஆவியாக்கி, எதிர்விசையால் உள்ளிருக்கும் எரிபொருளை நசுக்குகின்றன. 2009-இல் நிறைவுபெற்ற இந்நிலையம் 2012-க்குள் எரியூட்டலை, அதாவது எரிபொருள் தன் வெப்பத்தாலேயே எரியும் நிலையை, எட்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது; அது நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் 1.3 மெகாஜூலைக் கடந்த ஒரு சோதனை நிகழ்ந்தது. அதே வடிவமைப்பை மீண்டும் செய்தபோது அந்த அளவு கைகூடவில்லை. குமிழில் நுண்ணுயிரியைவிடச் சிறிய குறை இருந்தாலும் விளைவு மாறிவிடும் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அது 8.6 மெகாஜூலாக, அதாவது செலுத்தியதைப்போல நான்கு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. இயற்பியல் என்ற அளவில் இதற்கு நிகரான சான்று வேறெந்த வழியிலும் இல்லை: எரிபொருள் தன் வெப்பத்தாலேயே எரிந்தது.

மின்நிலையம் என்ற அளவில் பார்த்தால் படம் வேறு. அந்த 2.05 மெகாஜூல் ஒளியை உண்டாக்க மின்கட்டமைப்பிலிருந்து ஏறத்தாழ 300 மெகாஜூல் எடுக்கப்பட்டது. கிடைத்த 3.15 மெகாஜூலைக் கணக்கிட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு. லேசர்களின் திறனைப் பல மடங்கு உயர்த்துவது சாத்தியமே என்பதை ஒப்புக்கொண்டாலும், விநாடிக்குப் பத்து முறை வெடிக்க வேண்டிய ஓர் உலைக்கு ஒரு நாளில் 8,64,000 குமிழ்கள் தேவை. அத்தனையும் அப்பழுக்கற்றவையாகவும், மலிவானவையாகவும், ஓடும் வேகத்திலேயே குறிபார்த்துச் சுடத்தக்கவையாகவும் இருக்க வேண்டும். இக்குறையை அந்த ஆய்வகத்தின் மீது சுமத்துவது நியாயமாகாது. அமெரிக்கா 1992-இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திய பின், இருப்பிலுள்ள ஆயுதங்களின் நிலையை வெடிக்காமலேயே மதிப்பிடுவதற்காகவே அது கட்டப்பட்டது. மின்சாரம் அதன் முதல் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை.

டோகமாக்கின் வரலாறு 1968-இல் திசை மாறியது. சோவியத் அறிஞர்கள் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் தங்கள் டி-3 கருவியின் வெப்பநிலையை அறிவித்தபோது மேற்குலகில் பலர் நம்பவில்லை. மறு ஆண்டு கல்ஹாமிலிருந்து ஒரு குழு தன் லேசர் அளவீட்டுக் கருவிகளுடன் மாஸ்கோ சென்று அளந்து, அறிவிப்பு சரியென்று உறுதிசெய்தது. பனிப்போர் நடுவே எதிரணியின் கருவியை எதிரணியே சரிபார்த்த அந்நிகழ்வுக்குப் பின், பிரின்ஸ்டன் ஆய்வகம் தன் ஸ்டெல்லரேட்டரையே டோகமாக்காக மாற்றிக்கொண்டது.

அவ்வழியில் வந்த ஜெட், 1997-இல் 24 மெகாவாட் வெப்பமூட்டலுக்கு 16 மெகாவாட் இணைவுத் திறனைக் காட்டியது. அதன் பிறகு கார்பன் சுவர் டிரிடியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதைக் கண்டு பெரிலியமும் டங்ஸ்டனும் கொண்ட சுவரைப் பொருத்தி, 2021-இல் 59, 2023-இல் 69 மெகாஜூல் என ஐந்து விநாடிகள் நீடித்த வெளியீட்டை எட்டியது. செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம் மட்டுமே. 1997-இன் விகிதத்தை ஜெட் பின்னர் மிஞ்சவில்லை என்பதால் இதைத் தேக்கம் என்று சொல்வாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் உலையில் உண்மையில் பயன்படுத்தத்தக்க சுவரைக் கொண்டு பெற்ற குறைந்த விகிதம், பயன்படுத்தவியலாத சுவரைக் கொண்டு பெற்ற உயர்ந்த விகிதத்தைவிட மதிப்புடையது.

டோகமாக்கின் உள்ளார்ந்த சிக்கல் அதன் பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டம். காந்தப்புலத்தை முறுக்கித் தருவது அந்த மின்னோட்டமே. பிரான்சின் கடராஷில் பல நாடுகள் சேர்ந்து எழுப்பிவரும் ஈட்டர் என்னும் பெரிய டோகமாக்கில் அது 1.5 கோடி ஆம்பியர் அளவுக்குச் செல்லும். அதனை மின்மாற்றித் தத்துவத்தில் தூண்டுவதால் இயக்கம் துடிப்புகளாகவே அமைகிறது. தொடர்ந்து ஓட்டவேண்டுமானால் மின்னோட்டத்தை வேறு வழிகளில் செலுத்த வேண்டும், அதற்கும் ஆற்றல் செலவாகும். இதைவிட அஞ்சத்தக்கது, பிளாஸ்மா திடீரெனக் குலைவது: சேர்ந்திருக்கும் ஆற்றல் முழுவதும் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் சுவரில் இறங்கிவிடும். அதற்காகவே உறைந்த வாயுத் துணுக்குகளைப் பிளாஸ்மாவுக்குள் சுட்டு ஆற்றலைச் சிதறடிக்கும் ஏற்பாடு ஈட்டரில் திட்டமிடப்பட்டுள்ளது. 50 மெகாவாட் வெப்பமூட்டலுக்கு 500 மெகாவாட் என்பது ஈட்டரின் இலக்கு. 2024-இல் அறிவிக்கப்பட்ட கால அட்டவணைப்படி ஆய்வு இயக்கம் 2034-இலும், டிரிடியத்துடனான இயக்கம் 2039-இலும் தொடங்கும்.

ஸ்டெல்லரேட்டரில் இந்த மின்னோட்டம் தேவையில்லை. முறுக்கு முழுவதையும் வெளியிலுள்ள சுருள்களே தருவதால் பிளாஸ்மா மேற்சொன்னபடி குலைவதில்லை, தொடர்ந்து இயங்குவதும் இயல்பாகவே அமைகிறது. 1951-இல் அமெரிக்க வானியற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர் முன்வைத்த இந்தக் கருத்து பின்தங்கியதற்குக் காரணம், துகள்களைக் கசியவிடாத காந்தப்புல வடிவத்தைக் கணக்கிட அக்காலத்தில் கணினி வலிமை இல்லாததே. வெண்டெல்ஸ்டைனின் 50 முறுக்குச் சுருள்கள் அந்தக் கணக்கீட்டின் விளைவு. ஒரே சுருளை அணுகிப் பார்த்தால் கீழே விழுந்து நசுங்கிய வளையலைப்போல இருக்கும்; எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் புலம் வடிவமைப்பிலிருந்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விலகியது என அளவீடுகள் காட்டின. 2025 மே மாதம் அதே கருவி, முன்சொன்ன மூன்றன் பெருக்கற்பலனில், 43 விநாடி நீடித்த பிளாஸ்மாவுக்கான உச்சத்தைத் தொட்டது. அந்தத் துல்லியத்துக்கான விலையும் கொஞ்சமன்று: பிரின்ஸ்டனில் இதையொத்த ஒரு கருவி, சுருள் செலவு கட்டுக்கடங்காமல் போனதால், 2008-இல் பாதியில் கைவிடப்பட்டது. வெண்டெல்ஸ்டைன் டிரிடியத்தைத் தொட்டதில்லை. எரியும் பிளாஸ்மா அந்த வடிவத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது.

டிரிடியம் மூவருக்கும் பொதுவான கடன். 1,000 மெகாவாட் இணைவுத் திறனில் ஓராண்டு முழுக்க இயங்கும் உலைக்கு ஏறத்தாழ 55 கிலோகிராம் வேண்டும். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகளே என்பதால் சேமித்தும் வைக்கவியலாது. லித்தியப் போர்வையில் நியூட்ரான்களைப் பிடித்து உலை தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றில் லேசர் வழிக்குச் சாதகம் உண்டு, ஏனெனில் அதன் கோள அறையைச் சுற்றிப் போர்வை அமைக்க இடமுண்டு. ஸ்டெல்லரேட்டரிலோ பிளாஸ்மாவுக்கும் சுருளுக்கும் இடையிலுள்ள நெருக்கம் பெருந்தடை. கதிரியக்கம் ஏறிய பகுதிகளை அந்த நெளிவுகளுக்குள் புகுந்து எந்திரக் கைகளால் மாற்றுவது டோகமாக்கில் செய்வதைவிடக் கடினம்.

ஒருவரே மூன்றுக்கும் நிதி பங்கிட வேண்டியிருந்தால் என் வரிசை இதுதான். காந்தப் பிடிக்குள் நீண்ட நேரம் எரியும் பிளாஸ்மாவின் தரவு இதுவரை எங்கும் இல்லை என்பதால் ஈட்டரை அதன் தாமதங்களோடும் முடித்தே ஆக வேண்டும். ஆனால் அடுத்த பெரிய அரசு உலை மற்றுமொரு டோகமாக்காக இருக்க வேண்டியதில்லை. டிரிடியத்தைக் கையாளும் ஒரு ஸ்டெல்லரேட்டருக்கு அந்த இடத்தைத் தரலாம். லேசர் வழிக்கு இப்போது தேவை அதைவிடப் பெரிய நிலையமன்று. திறன்மிக்க, விரைந்து சுடும் சிறு லேசர்களும் மலிவான குமிழ்களுமே. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டியது, மூன்றுக்கும் பொதுவான ஒரு வேலை. 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களின் அடியை ஆண்டுக்கணக்கில் வாங்கிய எஃகு எப்படியிருக்கும் என்பதை மெய்யான சூழலில் எவரும் சோதித்ததில்லை. அதற்காகவே ஸ்பெயினின் கிரனாடா அருகே, ஓடும் திரவ லித்தியத்தின் மீது டியூட்டீரியக் கற்றையைச் செலுத்தும் ஒரு நியூட்ரான் மூலம் அமைக்கப்படுகிறது. அதன் அளவீடுகள் வரும்வரை, மூன்று வழிகளின் வடிவமைப்பு அறிக்கைகளிலும் சுவரின் ஆயுள் என்று எழுதப்படும் எண் ஒரு மதிப்பீடாகவே இருக்கும்.