எக்ஸ்-விங் 1/72 மாடல் கிட்: மன்னார்குடியில் ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்

2019 ஐப்பசியில் வாங்கிய, ஜப்பானின் பாண்டாய் கம்பெனி செய்யும் எக்ஸ்-விங் மாடல் இது, இப்போதும் கூடத்து அலமாரியில் நிற்கிறது. கட்டி முடித்த வாரத்திலேயே எழுதிய அனுபவங்கள் நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் நம் டெல்டா ஈரத்திலும் வெயிலிலும் பெயின்ட் எப்படித் தாங்குகிறது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். கிட் அருமை. பெயின்ட் அடிக்க மட்டும் மாதம் பார்த்து உட்காருங்கள்.

கிட்டைப் பற்றி முதலில். 1977ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்வெளிப் போர்க்கப்பல், கதைக் கணக்குப்படி பன்னிரண்டரை மீட்டர் நீளம், 1/72 அளவில், அதாவது எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், கையில் சுமார் 17 சென்டிமீட்டர் வரும். பசையே வேண்டாம், பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று அழுந்தி உட்கார்ந்துவிடும். பிளாஸ்டிக்கே நிறம் கலந்து வார்த்தது என்பதால் பெயின்ட் அடிக்காமல் வைத்தாலும் பார்க்கும்படி இருக்கும். இறக்கைகள் நான்கும் விரிந்து மூடும். விமானிக்கு மேல் வரும் மூடி இரண்டு விதமாக உண்டு, கண்ணாடி போட்டது ஒன்று, வெறும் சட்டம் ஒன்று. குறியீடுகளுக்கு ஸ்டிக்கரும் தருகிறார்கள், தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தும் டெக்காலும் தருகிறார்கள். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் ஃப்ரேமிலிருந்து பாகத்தை வெட்டும்போது ஒட்டி வெட்டாமல், கொஞ்சம் தள்ளி ஒருமுறை, அப்புறம் நெருங்கி ஒருமுறை என்று இரண்டு தடவையாக வெட்டி, மிச்சத்தை 600, 1000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் வெள்ளைத் தழும்பு விழாது. நான்கு ராத்திரியில் சேர்த்து முடித்துவிட்டேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். சேர்த்து முடித்த கையோடு வெள்ளை அடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியே அடைமழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கொல்லைப்புறத்தில் ஸ்ப்ரே கேனை எடுத்து லேக்கர் பெயின்ட்டை, அதாவது தின்னர் பறந்து சட்டென்று காயும் வகையை, அடித்தேன், கால் மணி நேரத்தில் மேற்பரப்பு முழுக்கப் பால் தெளித்த மாதிரி மங்கிப்போனது. வெள்ளைக்கு மேல் வெள்ளை என்பதால் அடித்த இடத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, சாம்பல் பட்டைகளில் அப்பட்டமாகத் தெரிந்தது. தெருக்கோடியில் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மழைக்காத்துல அடிச்சியா தம்பி? தின்னர் பறக்கறப்ப பிளாஸ்டிக் ஜில்லுனு ஆவும்ல, காத்துல இருக்குற ஈரம் அது மேல குந்திக்கும். நாங்களே இந்த மாசத்துல வெயில் ஏறாம ஸ்ப்ரே கன்னைத் தொட மாட்டோம். போயி மாசி வரைக்கும் சும்மா வை."

காரணம் அதேதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக்காற்று அதன் மேல் நுண்ணிய துளிகளாகப் படிகிறது, அந்த ஈரம் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிகிறது. கேனிலிருந்து வரும் பெயின்ட் ஏற்கெனவே குளிர்ந்து வருவதால் ஸ்ப்ரே கேனில் இது இன்னும் அதிகம். ஆயிரம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துப் பால் பூத்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, 2020 பங்குனியில், ஊரடங்கு போட்ட அந்த வாரங்களில், மறுபடி அடித்தேன். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெல்லிய அடியாக நான்கு முறை. அந்த வெள்ளைதான் இன்றுவரை இருக்கிறது, ஒரு இடத்திலும் உரியவில்லை.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்ட கணக்கு இது. ஐப்பசி, கார்த்திகையில் லேக்கர் பக்கமே போகாதீர்கள், அறைக்குள் உட்கார்ந்து பிரஷ்ஷும் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக்கும் போதும், காய ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். மார்கழியில் பனி, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எதுவும். தை மாதம் வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, சம்பா அறுவடை மிஷின் ஓடும் நாட்களில் காற்றெல்லாம் சுணை. ஈரப் பெயின்ட்டில் ஒரு முள் ஒட்டினால் காய்ந்த பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், நான் ஒரு இறக்கை முழுக்க அப்படித் தேய்த்திருக்கிறேன். மாசிக் கடைசியும் பங்குனியும்தான் பொன்னான நாட்கள். அக்னி நட்சத்திரத்தில் எதிர்ப்பக்கப் பிரச்சினை, அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்கிறது, ஸ்ப்ரே காற்றிலேயே உலர்ந்து மாவு போல விழுகிறது. ஆடியில் காற்றும் புழுதியும். எந்த மாதமானாலும் சாமி விளக்கு எரிகிற அறையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், தின்னர் ஆவி தீப்பிடிக்கும்.

கப்பலின் சிவப்புக் கோடுகளுக்கு நீலம் அடிக்கலாமா என்று அக்கா பையன் கேட்டான். அவனுக்குச் சொன்ன விஷயம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அந்தப் படத்தில் இந்தக் கப்பல்களை நீலத்திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, நீலம் இருந்த இடத்தில் பிறகு வேறு காட்சியைச் சேர்த்தார்கள், நீலக் கோடு போட்டால் அது திரையோடு சேர்ந்து காணாமல் போய்விடும், அதனால்தான் சிவப்பு. அப்புறம் மேற்பரப்பில் தெரியும் குழாய், பெட்டி எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், படத்துக்கு மாடல் செய்தவர்கள் கடையில் விற்ற டாங்கி, விமான கிட்களை வாங்கிப் பாகங்களைப் பிய்த்து ஒட்டினார்கள். அது தெரிந்த பிறகு ஒவ்வொரு சின்ன மேட்டையும் பொறுமையாகச் சாம்பல் தொட்டு எடுப்பதில் ஒரு தனி சந்தோஷம் வந்தது.

டெக்காலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அதில் ஊறவைத்து ஒட்டிய முதல் இரண்டு குறியீடுகளைச் சுற்றிக் காய்ந்ததும் வெள்ளைக் கறை. கேன் தண்ணீருக்கு மாறியதும் கறை நின்றது. பளபளப்பான கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, ஒரு அடி அடித்துவிட்டு அதன் மேல் ஒட்டுங்கள், சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும்.

கப்பல் பழசாகத் தெரிவதற்கு நான் செய்தது எளிமையானது. படம் வரையும் கரிக்குச்சியை உப்புத்தாளில் உரசிப் பொடியாக்கி, இன்ஜின் வாயிலும் துப்பாக்கி முனையிலும் பிரஷ்ஷால் தடவினேன். மேலே மேட் (பளபளப்பு இல்லாத) கிளியர் அடித்ததும் பாதிக் கரி மறைந்துவிடும், அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் கூடுதலாகவே தடவுங்கள். கோட்டுப் பள்ளங்களில் தின்னரில் நீர்க்கக் கலந்த இனாமல் பெயின்ட்டை ஓடவிட்டபோது ஒரு தவறு செய்தேன். இறுக்கமாக அழுந்தி நிற்கும் மூட்டில் இனாமல் தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும், எனக்குக் கீழ் இறக்கை ஒன்றின் வேரில் முடி அளவு விரிசல் விழுந்தது. மிகக் குறைவாகத் தொட்டு வையுங்கள், உடனே ஒற்றி எடுங்கள்.

இனி வருஷங்கள் செய்தது. மூன்றாவது வருஷம் வயிற்றுப் பக்கம் மட்டும் லேசாக மஞ்சளடித்தது. அங்கே மட்டும் கையிருப்பு தீர்ந்து, ஹார்டுவேர் கடையில் கிடைத்த பெயர் தெரியாத கிளியரை அடித்திருந்தேன். மாடலுக்கென்று விற்கும் கிளியர் பட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன. இறக்கையைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே இருந்ததில் உள்பக்கம் உரசும் இடங்களில் பெயின்ட் போய்விட்டது, அங்கே பெயின்ட் அடிக்காமலே விட்டிருக்கலாம். மூட்டு மட்டும் இன்னும் இறுக்கமாக, பெட்டி பிரித்த நாள் மாதிரியே இருக்கிறது, இதற்காகவே இந்தக் கிட்டை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

2022 நவராத்திரிக்கு அம்மா கேட்டதால் கொலுவில் கீழ்ப்படிப் பூங்காவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வந்த குழந்தைகள் கையில் எடுத்ததில் இறக்கை நுனித் துப்பாக்கி ஒன்று முறிந்தது, எங்களுக்கு அதில் வருத்தமில்லை. சூப்பர் குளூ வைத்து ஒட்டும் முன் விமானி மூடியைக் கழற்றி வைத்துவிட்டேன், அந்தப் பசையின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கை மங்க வைத்துவிடும்.

அலமாரியில் திறந்து வைத்த காலத்தில் தூசி, பல்லி எச்சம், மழை மாதத்தில் மேட் பரப்பில் சாம்பல் பூசணம் என்று தொல்லை. மீன் தொட்டி செய்யும் கடையில் அளவு கொடுத்துக் கண்ணாடிப் பெட்டி ஒட்டி வாங்கினேன், தொட்டியைக் கவிழ்த்து வைத்தது போலத்தான். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஆவணியில் மாற்றுகிறேன். அதற்குப் பிறகு பூசணம் வரவில்லை.

அக்கா பையனுக்காக இதே கிட் இன்னொன்று வாங்கியாயிற்று. சேர்ப்பு வேலை தீபாவளி லீவிலேயே முடிந்துவிட்டது, பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் கேன் பீரோ மேல் இருக்கிறது, பக்கத்து வயலில் அறுவடை மிஷின் கிளம்பிப் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருக்கிறோம்.