லாக்4ஜே ஓட்டை: போட்ட அடைப்புகளில் எவை நின்றன?

ஜாவா மென்பொருள்கள் தங்களுக்குள் நடப்பதை லாக்காக, அதாவது பதிவாக, எழுத உதவும் நூலகம் லாக்4ஜே. 2021 டிசம்பரில் அதன் பாதுகாப்பு ஓட்டை (பதிவு எண் சிவிஇ-2021-44228, தீவிரம் பத்துக்குப் பத்து) வெளியானபோது, அலுவலக மென்பொருள்களில் கைக்குக் கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். அந்த அடைப்புகளோடு இத்தனை ஆண்டுகள் சர்வர்களை ஓட்டியதில் தெரிந்தவை இவை.

ஓட்டையின் வேலை எளிது. லாக்கில் எழுத வரும் வரியில் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இருந்தால், 2.0 பீட்டா9 முதல் 2.14.1 வரையான பதிப்புகள் அதை வெறும் எழுத்தாக விடாமல் உள்ளே சொன்னதைத் தேடிப் போகும். அங்கே ஜேஎன்டிஐ (பெயரைச் சொல்லிப் பொருளைத் தேடும் ஜாவா வசதி) வழியாக ஓர் எல்டேப் (அடைவு சர்வரோடு பேசும் முறை) முகவரி இருந்தால், அந்த முகவரியில் உள்ள சர்வர் கொடுக்கும் ஜாவா கிளாஸை, அதாவது நிரல் துண்டை, இயக்கிவிடும். அந்த வரி லாகின் பெட்டியிலிருந்தும் வரலாம், பிரவுசர் தன்னை இன்னாரென்று சொல்லி அனுப்பும் யூசர் ஏஜென்ட் வரியிலிருந்தும் வரலாம். இணையத்துக்கு முகமே காட்டாத ரிப்போர்ட் சர்வர்கூட, முன்னால் நிற்கும் சர்வரின் லாக்கை வாங்கிப் படித்தே மாட்டிக்கொள்ளும்.

முதலில் தோற்றது, லாக் வரிக்குள் தேடுவதை நிறுத்தும் 'ஃபார்மேட்எம்எஸ்ஜி நோலுக்அப்ஸ்' என்ற செட்டிங். 2.10-க்குக் கீழே அது வேலையே செய்யாது. மேலே உள்ள பதிப்புகளிலும் எல்லாப் பாதைகளையும் மூடவில்லை. இன்னும் அதை நம்பி ஓடும் சர்வர் இருந்தால் இன்றே மாற்றுங்கள். வரும் கோரிக்கைகளை வடிகட்டும் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் விதிகளும் அப்படித்தான். ஜேஎன்டிஐ என்ற சொல்லையே எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி நெளிவு அடைப்புக்குள் வைத்து அனுப்பினால் விதிக்குச் சிக்காது. புதிய ஜாவா போட்டாலும் போதாது. ஜாவா 8-ல் 8யூ191 பதிப்பு முதல் வெளியிலிருந்து கிளாஸ் இறங்காதுதான்; ஆனால் உள்ளேயே இருக்கும் கிளாஸ்களைக் கொண்டு தாக்கலாம், சூழல் மாறிகளில் வைத்த கடவுச்சொற்களை டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு முகவரி தேடும் சேவை) கேள்வியாக வெளியே கடத்தலாம்.

லாக்4ஜே கோர் ஜார் கோப்பிலிருந்து (ஜார் என்பது ஜாவா கிளாஸ்களின் ஜிப் கட்டு) அந்தத் தேடலைச் செய்யும் ஜேஎன்டிஐலுக்அப் கிளாஸை ஜிப் கருவியால் நீக்குவது உண்மையிலேயே பயன் தந்தது. நீக்கியபின் ஜாவா புராசஸை நிறுத்தித் தொடங்க வேண்டும், ஏற்கெனவே மெமரியில் ஏறியது இறங்காது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் செய்த ஜாருக்குள் இருக்கும் ஜாரைத் திருத்தி மறுபடி கட்டும்போது உள் ஜாரைச் சுருக்காமல் வைக்க வேண்டும். சுருக்கினால் அப்ளிகேஷன் எழும்பவே எழும்பாது. இதன் பலவீனம் பின்னால்தான் தெரியும்: மென்பொருளைக் கொடுத்தவரின் அடுத்த பேட்ச், அல்லது பழைய கன்டெய்னர் இமேஜ், நீக்கிய கிளாஸைச் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நின்றது அப்கிரேடுதான். ஆனால் 2.15-ல் நிறுத்தியவர்களுக்கு அது பாதி வேலை. 2.16 ஜேஎன்டிஐயை இயல்பிலேயே அணைத்தது, 2.17.0 முடிவில்லாமல் சுழலும் பிழையைத் தீர்த்தது, டிசம்பர் 28 அன்று வந்த 2.17.1 மீதி ஒன்றையும் மூடியது. அதே திருத்தங்கள் ஜாவா 7-க்கு 2.12.4-லும், ஜாவா 6-க்கு 2.3.2-லும் உள்ளன. கோர், ஏபிஐ இரண்டு ஜார்களையும் ஒரே பதிப்புக்கு ஏற்றுங்கள், ஒன்றை மட்டும் ஏற்றினால் மெத்தட் கிடைக்கவில்லை என்ற பிழைகள் வரும். ஏபிஐ ஜார் மட்டும் இருந்தால் இந்த ஓட்டை இல்லை.

எல்லாவற்றையும்விட நேரம் தின்பது தேடல். கோப்புப் பெயரை வைத்துத் தேடினால், வேறு ஜாருக்குள் கரைத்துக் கட்டிய பிரதிகள் தப்பிவிடும். ஜார், வார், இயர் என்ற ஜாவா கட்டுகள் ஒவ்வொன்றையும் அடுக்கடுக்காகத் திறந்து ஜேஎன்டிஐலுக்அப் கிளாஸைத் தேட வேண்டும். கிடைத்தவுடன் ஓட்டை என்று முடிவுகட்டவும் கூடாது, திருத்திய பதிப்பிலும் அதே கிளாஸ் இருக்கிறது. ஜாருக்குள் இருக்கும் பாம் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பேக்கப் கோப்புறைகளையும் விடாதீர்கள். முந்தைய பதிப்புக்கு ரோல்பேக் செய்யும் நாளில் பழைய ஜார் அங்கிருந்துதான் எழுந்து வரும்.

அப்கிரேடு கிடைக்காத பழைய மென்பொருளுக்கு, சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை மூடுவதே நல்ல துணை. 389, 1389, 1099 என்று போர்ட் எண்களைத் தேர்ந்து தடுப்பது வீண், எதிராளி வழக்கமான வெப் போர்ட்டான 443-லேயே எல்டேப் ஓட்டுவார். எல்லாவற்றையும் மறுத்து, தேவையான முகவரிகளை மட்டும் திறந்துவிடுங்கள். டிஎன்எஸ்ஸும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பேட்ச் போடுமுன் உள்ளே புகுந்தவர் பேட்ச் போட்டதால் வெளியேற மாட்டார். 2022 ஜனவரியில் விஎம்வேர் ஹொரைசன் (தொலைவிலிருந்து கணினித் திரை தரும் மென்பொருள்) சர்வர்களில் இந்த ஓட்டை வழியாக வெப் ஷெல் (பிரவுசர் வழியே கட்டளையிட வைக்கும் பின்கதவு) வைக்கப்படுவதாக இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்எச்எஸ் டிஜிட்டல் எச்சரித்தது. ஆகவே தாமதமாக மூடிய சர்வர் எதுவானாலும், ஜாவா புராசஸ் தொடங்கிவைத்த கமாண்ட் ஷெல்கள், புதிய ஷெட்யூல் வேலைகள், அந்த நாட்களில் மாறிய கோப்புகள் மூன்றையும் சரிபாருங்கள். அதில் வைத்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள்.